பழைய எக்ஸ்பி கணினியைப் புதிய வைஃபையுடன் இணைப்பது எப்படி?

தோட்டத்து வாசகன், தலவாக்கலை

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் ஒரு பழைய மேசைக் கணினி இருக்கிறது. பென்டியம் 4 செயலி, 512 எம்.பி. நினைவகம், வின்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம், அதன் சேர்விஸ் பேக் 2 என்ற திருத்தத் தொகுப்புடன். உள்ளே 802.11ஜி என்ற வைஃபை தரத்திலான வயர்லெஸ் அட்டை ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. மரண உதவிச் சங்கத்தின் சந்தாக் கணக்குகள் முழுவதும் இந்தக் கணினியில்தான் இருக்கின்றன. பற்றுச்சீட்டுகளைக் கார்பன் தாள் வைத்து அச்சிடும் டொட் மெட்ரிக்ஸ் பிரின்டரும் இதன் பின்புறமுள்ள பழைய அகலமான பெரலல் போர்ட்டில்தான் இணைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் போர்ட் இன்றைய மடிக்கணினிகளில் இல்லாததால், இந்தக் கணினியை ஒதுக்கிவிட எங்களுக்கு மனமும் இல்லை, வழியும் இல்லை.

முன்பிருந்த ரவுட்டருடன் இது எவ்விதச் சிக்கலுமின்றி இணைந்தது. அது பழுதடைந்ததால், பக்கத்துக் கட்டடமான சனசமூக நிலையத்தில் இப்போது புதிய 4ஜி ரவுட்டர் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. எல்லோருடைய தொலைபேசிகளும் உடனே இணைந்துவிட்டன; இந்தக் கணினி மட்டும் இணையவில்லை. எங்கள் இளைஞர்கள் புதிய இணைப்புக்கு ‘வாசிகசாலை’ என்று தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். கணினியின் பட்டியலில் அந்தப் பெயர் தெரிவதில்லை. சில வேளைகளில் பொருள் விளங்காத குறிகளுடன் ஒரு வரி தோன்றுகிறது. அதைத் தெரிவுசெய்து கடவுச்சொல்லை இரண்டு முறை கொடுத்தாலும் இணைப்பு ஏற்படுவதில்லை. கடவுச்சொல் சரியானதுதான் என்பதைத் தொலைபேசியில் உறுதிப்படுத்திக்கொண்டேன்.

மாத முடிவில் கணக்கு விவரத்தைச் சங்கத்தின் செயலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புவதே எங்கள் முதன்மையான தேவை. ரவுட்டரின் பாதுகாப்பை எடுத்துவிட்டால் கணினி இணைந்துவிடும் என்று ஒருவரும், இரண்டு கட்டடங்களுக்கும் இடையே கம்பி இழுத்துவிடலாம் என்று இன்னொருவரும் கூறுகிறார்கள். இரண்டில் எது சரியான வழி, அல்லது வேறு வழி உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மழைச்சாரல், ஹட்டன்

வணக்கம் தம்பி. ரவுட்டரின் பாதுகாப்பை எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துவிட வேண்டாம். ஒரு கணினிக்காக ஊரிலுள்ள அத்தனை பேருடைய தொலைபேசிகளையும் பூட்டில்லாத வீட்டில் விடுவதற்கு ஒப்பான செயல் அது. சிம் அட்டையின் டேட்டாவும் யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியாமலே தீர்ந்துபோகும்.

நீங்கள் கூறும் அறிகுறிகளைப் பார்க்கும்போது, தடை ஒரே இடத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். முதலாவது, அலைவரிசை. 2003ஆம் ஆண்டு வந்த 802.11ஜி தரம் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். 5 கிகாஹெர்ட்ஸை உங்கள் அட்டையால் காணவே முடியாது. புதிய ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொள்வதால், தொலைபேசி எதில் இணைந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. ஆகவே, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குச் சென்று 2.4 கிகாஹெர்ட்ஸ் உண்மையிலேயே இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதற்குத் தனியாக ஒரு பெயர் கொடுங்கள். சனல் (அலைவரிசைக்குள் உள்ள தடம்) தானாகத் தெரிவாகும்படி விடப்பட்டிருந்தால், அதை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றாக நிலைநிறுத்துங்கள். அமெரிக்கச் சந்தைக்கெனத் தயாரிக்கப்பட்ட பழைய அட்டைகள் 11ஆம் சனலுக்கு மேல் கேட்பதில்லை. ரவுட்டர் 12 அல்லது 13க்கு நகர்ந்த நாளில் இணைப்பு பட்டியலிலிருந்து மறைந்துவிடும், திரும்பி வந்த நாளில் மீண்டும் தெரியும். உங்கள் கணினியில் அந்த வரி சில வேளைகளில் மட்டும் தோன்றுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இணைப்பின் பெயருக்கு 32 பைட் இடமே உண்டு. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் தேவைப்படுவதால், ‘வாசிகசாலை’ என்ற சிறிய சொல்லே 27 பைட்டை எடுத்துக்கொள்கிறது. தொலைபேசிகள் அதைச் சரியாகப் படிக்கும். எக்ஸ்பி அதைப் பொருளற்ற குறிகளாகவே காட்டும். தமிழில் பெயர் வைத்த இளைஞர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்; அந்தப் பெயர் தொலைபேசிகளுக்காக அப்படியே இருக்கட்டும். பழைய கணினிக்கான 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலும் இலக்கத்திலும் வையுங்கள்.

அடுத்தது, முக்கியமான தடை: பாதுகாப்பு முறை. 1997இல் வந்த டபிள்யூ.இ.பி. உடைக்க இலகுவானது என்று தெரியவந்ததும், 2003இல் டபிள்யூ.பி.ஏ. முறையும், 2004இல் டபிள்யூ.பி.ஏ.2 முறையும், 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 முறையும் வந்தன. உங்கள் புதிய ரவுட்டர் கடைசி இரண்டில் ஒன்றில்தான் இயங்கும். ஆனால் சேர்விஸ் பேக் 2 நிலையிலுள்ள எக்ஸ்பிக்கு டபிள்யூ.பி.ஏ.2 தெரியாது, தனியாக ஓர் இணைப்பு மென்பொருளை நிறுவினாலோ, 2008இல் வந்த சேர்விஸ் பேக் 3க்கு மாற்றினாலோதான் அது புரியும். இதை நீங்களே கண்ணால் பார்த்து உறுதிசெய்யலாம். வயர்லெஸ் இணைப்பின் பண்புகளைத் திறந்து, புதிய இணைப்பு ஒன்றைச் சேர்க்கும் பெட்டிக்குச் செல்லுங்கள். ‘நெட்வேர்க் ஒதென்டிகேஷன்’ என்ற கீழிறங்கு பட்டியலில் ஓப்பன், ஷெயார்ட், டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.ஏ.-பி.எஸ்.கே. ஆகிய நான்கு மட்டுமே இருந்தால், கடவுச்சொல்லை எத்தனை முறை கொடுத்தாலும் பயனில்லை. டபிள்யூ.பி.ஏ.2-பி.எஸ்.கே. என்ற வரி அதில் இருக்க வேண்டும். அதைத் தெரிவுசெய்து, கீழேயுள்ள பெட்டியில் ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறையை வைக்க வேண்டும்.

சேர்விஸ் பேக் 3இன் கோப்பு ஏறத்தாழ 316 எம்.பி. அளவுடையது. அதை இன்னொரு கணினியில் பெற்று பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவலாம். ஆனால் அதன் பிறகும் அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஏ.இ.எஸ். குறியாக்கத்தை ஏற்க வேண்டும். ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று இருந்தால், அதை டபிள்யூ.பி.ஏ.2 என்றோ இரண்டும் கலந்த நிலை என்றோ மாற்ற வேண்டும். இரண்டும் கலந்த நிலையில் சில பழைய டிரைவர்கள் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன்; அப்போது 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் டபிள்யூ.பி.ஏ.2 - ஏ.இ.எஸ். என்று தனியாக வைப்பதே சரி. ‘ப்ரொடெக்டட் மெனேஜ்மென்ட் ஃபிரேம்’ என்றொரு தெரிவும் அங்கே இருக்கலாம். அது கட்டாயம் என்ற நிலையில் இருந்தால் பழைய அட்டைகள் இணையமாட்டா.

கம்பியும் காற்றும், பண்டாரவளை

மழைச்சாரல் ஐயா கூறியவை அனைத்தும் சரியானவை. ஆயினும், அந்தப் பழைய அட்டையைத் தூக்கி நிறுத்துவதற்கு இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. கணினிப் பழுதுபார்ப்பு என் தொழில் என்பதால், தோட்ட அலுவலகங்களிலிருந்தும் பாடசாலைகளிலிருந்தும் இதே கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. நான் எல்லோருக்கும் சொல்லும் பதில் ஒன்றுதான்: பழைய கணினிக்கு வைஃபையைக் கற்றுக்கொடுக்காதீர்கள், அதற்குத் தெரிந்த கம்பியை அதன் அருகில் கொண்டுவந்து கொடுங்கள்.

உள்ளங்கையளவுள்ள சிறிய ரவுட்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் ‘கிளையன்ட் மோட்’ என்ற வசதியுள்ள ஒன்றை வாங்குங்கள். அந்த நிலையில் அது பெரிய ரவுட்டரின் வைஃபையைத் தொலைபேசியைப் போலப் பெற்று, தன் லேன் போர்ட் வழியாகக் கம்பியில் கொடுக்கும். டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ்., சனல், பெயர் ஆகிய அனைத்தையும் அந்தச் சிறிய பெட்டியே கவனித்துக்கொள்ளும். கணினியைப் பொறுத்தவரை ஒரு நெட்வேர்க் கேபிள் செருகப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். எக்ஸ்பிக்கு சேர்விஸ் பேக் 3உம் தேவையில்லை, புதிய டிரைவரும் தேவையில்லை. பென்டியம் 4 காலத்து மதர்போர்ட்களில் பெரும்பாலும் நெட்வேர்க் போர்ட் இருக்கும். இல்லையென்றால், ரியல்டெக் 8139 சிப் கொண்ட பழைய பி.சி.ஐ. அட்டை ஒன்றைத் தேடிப் பொருத்துங்கள், அதற்கான டிரைவர் எக்ஸ்பியிலேயே இருக்கிறது. வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருப்பதை நன்றாகப் படித்துப் பாருங்கள். சிக்னலைப் பெருக்கி மீண்டும் காற்றில் விடும் வசதி மட்டுமே கொண்டு, லேன் போர்ட் இல்லாமல் வரும் சாதனங்களும் உண்டு. அவை உங்களுக்கு உதவமாட்டா.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. நம்முடைய பழைய தோட்டக் கட்டடங்களின் கருங்கல் சுவர்களும் தகரக் கூரையும் வைஃபையை வெகுவாகத் தடுக்கின்றன. கணினியின் பின்புறத்தில், சுவரோடு சுவராக ஒட்டியிருக்கும் அட்டையின் அன்டெனாவுக்குச் சிக்னல் வந்துசேர்வதே அரிது. சிறிய ரவுட்டரையோ, நீளமான கேபிளின் முனையில் தொங்கவிட்டு, சனசமூக நிலையத்தை நேராகப் பார்க்கும் ஜன்னலில் வைத்துவிடலாம். இவற்றுட் பல 5 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. தொலைபேசி சார்ஜரே போதுமானது.

இரண்டு கட்டடங்களுக்கும் இடையே கம்பி இழுக்கும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். தூரம் ஒரு பிரச்சினையே அல்ல. நெட்வேர்க் கேபிள் 100 மீற்றர் வரை நன்றாகவே வேலை செய்யும். இடிமின்னலே பிரச்சினை. ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் வேளைகளில் மலைநாட்டில் விழும் மின்னலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மின்னல் நேராகக் கம்பியில் விழ வேண்டும் என்பதும் இல்லை. அருகிலுள்ள நிலத்தில் விழுந்தாலே, இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு ஏற்பட்டு, வெளியே தொங்கும் கம்பி வழியாக அந்த அதிர்ச்சி மதர்போர்டை வந்தடையும். அப்படிக் கருகிய லேன் போர்ட்களை நான் கழற்றியிருக்கிறேன்; போர்ட்டின் உள்ளேயுள்ள எட்டுச் செப்பு ஊசிகளில் சில கறுத்து, ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருக்கும். உங்கள் சங்கத்தின் கணக்கு முழுவதும் ஒரே கணினியில் இருப்பதை எண்ணிப் பாருங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் காற்றிலும், அறைக்குள் மட்டும் கம்பியிலும் செல்வதே நமது ஊருக்குப் பொருத்தமான ஏற்பாடு.

யூ.எஸ்.பி. வைஃபை அடப்டர் வாங்கலாமே என்று யாராவது கூறலாம். இன்று விற்கப்படுபவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு எக்ஸ்பி டிரைவர் கிடையாது. ராலிங்க் ஆர்.டி.5370 போன்ற பழைய சிப் உள்ளவை எக்ஸ்பியில் இயங்கும். ஆனால் பெட்டியில் சிப்பின் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை என்பதால் வாங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெண்பனி டீச்சர், நுவரெலியா

இணைப்பதைப் பற்றி மேலே இருவரும் தெளிவாகக் கூறிவிட்டார்கள். இணைந்த பிறகு என்ன என்பதை நான் கூற விரும்புகிறேன். ஏனெனில் பலர் அந்த இடத்தில்தான் ஏமாற்றமடைகிறார்கள்.

எக்ஸ்பிக்கான மைக்ரோசொஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் திகதியுடன் முடிவடைந்தது. 2017 மே மாதத்தில் வொன்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியபோது, கைவிட்ட எக்ஸ்பிக்கும் அந்த நிறுவனம் அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட வேண்டியதாயிற்று. அந்தத் தீநிரல் ஒரே நெட்வேர்க்கிலுள்ள கணினியிலிருந்து கணினிக்குத் தானாகவே தாவியது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ரவுட்டருக்குப் பின்னால் இருப்பதால் வெளியுலகிலிருந்து உங்கள் கணினியை யாரும் நேராகத் தொட முடியாது. ஆனால் சனசமூக நிலையத்துக்கு ஒருவர் கொண்டுவரும் மடிக்கணினியில் தொற்று இருந்தால், அது தொட முடியும். ஆகவே, ரவுட்டரில் ‘கெஸ்ட் நெட்வேர்க்’ என்ற, விருந்தினருக்கான தனி இணைப்பு வசதி இருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூ.பி.ஏ.2 பாதுகாப்புடன் அதை உருவாக்கி, பண்டாரவளை நண்பர் கூறிய சிறிய பெட்டியை அதில் மட்டும் இணையுங்கள். மற்றக் கருவிகளும் இந்தக் கணினியும் ஒன்றையொன்று காணமாட்டா. இணையம் மட்டும் இருபக்கமும் கிடைக்கும்.

மின்னஞ்சல் விடயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பியுடன் வரும் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு, அதன் 8ஆம் பதிப்பே ஆனாலும், இன்றைய இணையத்தளங்கள் கேட்கும் டி.எல்.எஸ். 1.2 குறியாக்கம் தெரியாது. குரோம் 49ஆம் பதிப்புடனும், ஃபயர்ஃபொக்ஸ் 52ஆம் பதிப்புடனும் எக்ஸ்பியை விட்டு விலகிவிட்டன. அந்த ஃபயர்ஃபொக்ஸ் டி.எல்.எஸ். 1.2ஐ அறியும் என்பதால் பல தளங்கள் திறக்கும். ஆயினும் சங்கத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல்லை அதில் இடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

என்னுடைய யோசனை இதுதான். கணக்குக்கும் பிரின்டருக்கும் எக்ஸ்பி அப்படியே இருக்கட்டும். முதலில் கணக்குக் கோப்புகள் அனைத்தையும் பென் டிரைவில் பிரதியெடுத்து வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அதன் பிறகு, வன்தட்டில் இடமிருந்தால், ஒரு பகுதியை ஒதுக்கி அன்டிஎக்ஸ் போன்ற 32 பிட் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவுங்கள். கணினியைத் தொடக்கும்போது எக்ஸ்பியா லினக்ஸா என்று தெரிவுசெய்யலாம். லினக்ஸிலிருந்து எக்ஸ்பியின் கோப்புகளைத் திறந்து படிக்க முடியும். 512 எம்.பி. நினைவகத்தில் இன்றைய இணையத்தளங்களைத் திறப்பது மிக மெதுவாகவே இருக்கும். ஆனால் இலகுரக மின்னஞ்சல் மென்பொருள் ஒன்று நன்றாகவே இயங்கும். ஜிமெயில் கணக்கானால், இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, அந்த மென்பொருளுக்கென்று தனியாக ஒரு செயலிக் கடவுச்சொல்லைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மாத முடிவில் கோப்பை இணைத்து அனுப்பும் வேலைக்கு இது தாராளமாகப் போதும். இணைப்பு கம்பி வழியாக வருவதால், எக்ஸ்பியிலும் லினக்ஸிலும் வைஃபைக்காக எதையும் தனித்தனியே அமைக்க வேண்டிய தேவையும் எழாது.

உங்கள் கணக்குகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றை அப்படியே அனுப்பினால் செயலாளரின் தொலைபேசியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே தெரியும். யுனிகோடுக்கு மாற்றியோ, பி.டி.எஃப். ஆக்கியோ அனுப்புங்கள்.

தோட்டத்து வாசகன், தலவாக்கலை

மூவருக்கும் மிக்க நன்றி. மழைச்சாரல் ஐயா கூறிய பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னபடியே நான்கு வரிகள்தான் இருந்தன, டபிள்யூ.பி.ஏ.2 இல்லை. ரவுட்டரில் கெஸ்ட் நெட்வேர்க் வசதி இருந்தது. அதற்கு ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வைத்து, டபிள்யூ.பி.ஏ.2 - ஏ.இ.எஸ். என்று அமைத்தோம். சிறிய ரவுட்டரை ஹட்டன் கடையொன்றில் வாங்கி, கிளையன்ட் நிலையில் வைத்து, ஜன்னல் கட்டையில் பொருத்தினோம். கேபிளைச் செருகியதும் கணினித் திரையின் கீழ்மூலையில் இணைப்புக் குறி தோன்றி, நெட்வேர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் ஐ.பி. முகவரியும் தானாகவே கிடைத்தது. தமிழ்ப் பெயரும் தொலைபேசிகளுக்காக அப்படியே இருக்கிறது.

டீச்சர் கூறிய லினக்ஸையும் எங்கள் இளைஞர்களின் உதவியுடன் நிறுவிவிட்டோம். கோப்புகளை முதலில் பிரதியெடுத்துக்கொண்டோம். இப்போது ஒரு தடை மட்டும் எஞ்சியிருக்கிறது. மின்னஞ்சல் மென்பொருள் சேவையகத்தின் சான்றிதழ் செல்லுபடியாகாது என்று கூறி நின்றுவிடுகிறது. எக்ஸ்பியில் ஃபயர்ஃபொக்ஸிலும் ஏறத்தாழ இதே செய்திதான் வருகிறது. கணினியின் திகதி 2002 ஜனவரி 1 என்று காட்டுகிறது. திருத்தி வைத்தாலும் மின்வெட்டுக்குப் பிறகு பழைய திகதிக்கே திரும்பிவிடுகிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா?

மழைச்சாரல், ஹட்டன்

நேரடியான தொடர்பு இருக்கிறது, தம்பி. சேவையகம் உண்மையானதுதான் என்று காட்டும் ஒவ்வொரு பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் உண்டு. உங்கள் கணினி 2002ஆம் ஆண்டில் இருப்பதாக நினைப்பதால், இன்று செல்லுபடியாகும் சான்றிதழ்கள் அனைத்தும் அதன் கணக்கில் இன்னும் பிறக்காதவை. வைஃபை இணைப்புக்குத் திகதி தேவையில்லை என்பதால்தான் அது தடையின்றி ஏற்பட்டது.

மதர்போர்டிலுள்ள வட்டமான பற்றரி தீர்ந்துவிட்டது. சி.ஆர். 2032 என்ற இலக்கமுடைய அந்தப் பற்றரி மணிக்கூட்டுக் கடைகளிலும் கிடைக்கும். மாற்றுவதற்கு முன், கணினியைத் தொடக்கி பயோஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைகளைத் தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாகப் பெரலல் போர்ட்டின் அமைப்பு இருக்கும் பக்கத்தை எடுக்க மறவாதீர்கள், அது மாறிப்போனால் பிரின்டர் இயங்காமல் நிற்கக்கூடும். பிறகு மின்சாரக் கம்பியை முற்றாகக் கழற்றிவிட்டு, கணினியின் உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டு, பற்றரியின் ஓரத்திலுள்ள சிறிய கொக்கியைத் தள்ளினால் அது எழும்பி வரும். கூட்டல் குறியுள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள். பழையது இருந்த இடத்தில் பச்சை நிறப் பூச்சு படிந்திருந்தால், உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். நமது ஈரக் காற்றில் அது சாதாரணமாகவே ஏற்படும்.

திகதியைத் திருத்தும்போது நேர வலயத்தையும் கவனியுங்கள். இலங்கை 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் கிரீன்விச் நேரத்தை விட ஐந்தரை மணி முந்திய நேரத்துக்குத் திரும்பியது. சேர்விஸ் பேக் 2 அதற்கு முன் வெளிவந்ததால், அதன் பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்பது ஆறு மணி நேரமாகவே பதிவாகியிருக்கும். அதை விட்டுவிட்டு, ஐந்தரை மணி நேரமுள்ள சென்னை, கொல்கத்தா என்ற வரியைத் தெரிவுசெய்யுங்கள். லினக்ஸில் கொழும்பு என்று தெரிவுசெய்தாலே சரியான நேரம் கிடைக்கும். எக்ஸ்பி கணினியின் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்வதால், லினக்ஸிலும் அவ்வாறே கொள்ளும்படி அமைத்துவிடுங்கள். இல்லையெனில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் நேரம் ஐந்தரை மணி பிசகும்.